மதகு பார்த்த சம்பந்தி

சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகள், ஊரிலிருந்து வந்த பெற்றோரை எங்கெங்கே அழைத்துப் போவது என்பதற்கு ஒரு மரபு இருக்கிறது. முதலில் செராங்கூன் சாலை வீரமாகாளியம்மன். அங்கிருந்து நடந்தே முஸ்தபா கடை. அடுத்த ஞாயிறு மெரினா பே, வாயிலிருந்து தண்ணீர் கொட்டும் சிங்கம். அதற்கடுத்த ஞாயிறு செந்தோசா. அத்தோடு பிள்ளைகளிடம் சரக்கு தீர்ந்துவிடும். பெற்றோர் ஊர் திரும்பவோ இன்னும் நாளிருக்கும். இந்த இடைவெளியை நிரப்புவதற்காகத்தான் அந்த நாட்டு அரசாங்கம் இத்தனை பூங்காக்களை வைத்திருக்கிறது என்பது என் கருத்து. பலவற்றில் அனுமதி இலவசம் என்பதையும் சான்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் நிலைமை இன்னும் கொஞ்சம் சிக்கல். பேத்தி பிறந்ததையொட்டி நாங்களும் போயிருந்தோம், மாப்பிள்ளையைப் பெற்றவர்களும் வந்திருந்தார்கள். முறைப்படி ஒரு தரப்பு கிளம்பிய பிறகுதான் மறுதரப்பு வந்து இறங்க வேண்டும். டிக்கெட் மலிவாகக் கிடைத்த தேதி அந்த முறையை மதிக்கவில்லை. ஆகவே ஓர் அடுக்குமாடி வீட்டில் ஒரு கைக்குழந்தை, இரண்டு பாட்டிகள், இரண்டு தாத்தாக்கள். பாட்டிகளுக்கு வேலை இருந்தது. குழந்தைக்கு உரை மருந்து கொடுக்கலாமா கூடாதா என்பதில் கருத்து வேறுபாடும் இருந்தது, பொழுது போயிற்று. தாத்தாக்கள் இருவரும் ஹாலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

சம்பந்தி என்பது முழுக்க முழுக்க மரியாதையால் கட்டப்பட்ட உறவு. சண்டை போட முடியாது. சிநேகிதமாகவும் ஆகிவிட முடியாது. நான் டீவி ரிமோட்டை எடுத்து அவரிடம் கொடுப்பேன். "நீங்க பாருங்க சம்பந்தி" என்று அவர் திருப்பிக் கொடுப்பார். நான் மறுபடி நீட்டுவேன். டீவி அணைந்தே கிடக்கும்.

இதைச் சில நாள் பார்த்துக்கொண்டிருந்த என் மகள் ஒரு காலையில் சொன்னாள்: "அப்பா, நீயும் மாமாவும் சுங்கை பூலோ போயிட்டு வாங்களேன். சீசன்ல பறவையெல்லாம் வந்திருக்காம். முதலைகூட இருக்காம்." அப்பாவையும் மாமனாரையும் சேர்த்து முதலை இருக்கும் இடத்துக்கு அனுப்புகிறாளே என்று நான் ஆராய்வதற்குள், சம்பந்தியம்மா கைமுறுக்கைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

சம்பந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிதம்பரத்துக்காரர். பொதுப்பணித்துறையில் சேர்ந்து கீழணை, வடவாறு, வீராணம் என்று கொள்ளிடத்துத் தண்ணீர் போகிற வழியெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆற்றின் அக்கரையில் மதகு பார்க்க நிற்கும் லஸ்கருக்கு இக்கரையிலிருந்தே உத்தரவு போட்டுப் பழகிய குரல். செல்பேசி வந்த பிறகும் குறையவில்லை. நான் திருச்சியில் வங்கி வேலை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மெல்லப் பேசிப் பேசி, நான் சொல்வது எதுவும் இப்போது வீட்டில் யாருக்கும் கேட்பதில்லை.

கிராஞ்சி வரை ரயில். அங்கிருந்து 925 பேருந்து. இறங்கிய இடத்திலேயே சம்பந்தி நின்றுவிட்டார். எதிரே கிராஞ்சி நீர்த்தேக்கம். எழுபதுகளில் ஆற்றின் முகத்துவாரத்தை அடைத்துக் கட்டியது. ஒரு பக்கம் ஜொகூர் நீரிணையின் உப்புத் தண்ணீர், மறுபக்கம் குடிதண்ணீர், நடுவே சாலை.

"கடலுக்கே கதவு போட்டுட்டான் பாருங்க சம்பந்தி" என்றார். கொள்ளளவு எவ்வளவு, ஷட்டர் எத்தனை, வெள்ளக் காலத்தில் எத்தனை ஆயிரம் கன அடி விடுவான் என்று அடுத்தடுத்துக் கேட்டார். எனக்குத் தெரிந்த ஆயிரமெல்லாம் ரூபாய். பறவை பார்க்க வந்திருக்கிறோம் என்று நினைவூட்டினேன்.

"பறவை எங்கே போயிடப் போகுது" என்றார்.

சைபீரியாவுக்குப் போய்விடும் என்பது பிறகுதான் தெரிந்தது.

சுங்கை பூலோ இருக்கும் இடத்தின் கதை சுவாரசியமானது. ஒரு காலத்தில் இறால் பண்ணைகளும் மீன் குளங்களுமாக இருந்த கடலோரச் சேற்று நிலம். 1986-ல் பறவை பார்க்கும் சிலர், வலசைப் பறவைகள் இங்கே கூட்டம் கூட்டமாக இறங்குவதைக் கவனித்து, இதைக் காப்பாற்றுங்கள் என்று அரசாங்கத்துக்கு எழுதினார்கள். 1989-ல் 87 ஹெக்டேர் இயற்கைப் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டது. 1993 டிசம்பர் 6-ல் திறந்தார்கள். 2002-ல் 130 ஹெக்டேர் பரப்போடு சட்டப் பாதுகாப்புள்ள காப்பகமாகவும் ஆக்கினார்கள். வீடு கட்டவே இடம் போதாமல் கடலைத் தூர்த்துக்கொண்டிருக்கும் நாடு, சேற்றைச் சேறாகவே விட்டுவைத்தது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. சம்பந்தியைத் திகைக்க வைத்தது வேறு. மனு கொடுத்து மூன்றே வருஷத்தில் உத்தரவு வந்திருக்கிறது.

"யார் யாருக்கு நகல் போட்டாங்களாம்?" என்று கேட்டார்.

உள்ளே நுழைந்ததும் முதலை எச்சரிக்கைப் பலகை. பாதையை விட்டு இறங்காதே, முதலையைப் பார்த்தால் பதறாதே, மெதுவாகப் பின்வாங்கு என்பதுதான் சாரம். எனக்குப் பாதை சற்றுக் குறுகலாகத் தெரிய ஆரம்பித்தது. சம்பந்தியோ அந்தப் பலகையைப் பார்த்து வருத்தப்பட்டார். சிதம்பரத்துக்குப் பக்கத்தில், பழைய கொள்ளிடத்துக் கரையில் வேளக்குடி மாதிரி ஊர்களில் முதலை வாய்க்கால் வழியாக வந்து கொல்லைப்புறத்தில் படுத்திருப்பது புதிதல்ல. ஊர்க்காரர்கள் போன் செய்வார்கள். வனத்துறை வந்து கயிறு கட்டித் தூக்கிக்கொண்டு போய் வக்காரமாரி ஏரியில் விடும். "எங்க ஊர்ல முதலை நம்மளப் பார்க்க வரும். இங்க நாம டிக்கெட் போட்டு வர வேண்டியிருக்கு" என்றார். உங்கள் ஊரில் இருப்பது நன்னீர் முதலை, இது உவர்நீர் முதலை, உலகத்தில் இன்று உயிரோடிருக்கும் ஊர்வனவற்றிலேயே பெரியது என்று மெதுவாகச் சொன்னேன். வழக்கம்போலக் கேட்கவில்லை.

கடலோரப் பாதை மரப்பலகைகளால் போட்டது. இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள். வேர்கள் சேற்றுக்கு வெளியே கிளம்பி வளைந்து மறுபடி சேற்றுக்குள் போகின்றன. அந்தச் சேற்றில்தான் நடக்கும் மீனைப் பார்த்தோம். மீனாகப் பிறந்தும் தண்ணீரில் அதிக நேரம் இருக்கப் பிடிக்காத ஜென்மம். உடம்பு ஈரமாக இருக்கும்வரை தோல் வழியாகவே மூச்சு விட்டுக்கொள்ளும். முன்துடுப்பு இரண்டையும் ஊன்றி ஊன்றி நகரும். கண்கள் இரண்டும் உச்சந்தலையில். பெரிய இனம் ஓர் அடிக்குப் பக்கத்தில் வளரும். இரண்டு மீன்கள் எதிரெதிரே வந்து நின்று, முதுகுத் துடுப்பைக் கொடியாக விரித்து, வாயைப் பிளந்து, ஒன்றையொன்று தொடாமலும் விட்டு விலகாமலும் நெடுநேரம் நின்றன. நானும் சம்பந்தியும் அதைப் பற்றி ஒன்றும் பேசாமல் அங்கிருந்து நகர்ந்தோம்.

நீரிணைக்கு அந்தப் பக்கம் மலேசியா. ஜொகூர் பாருவின் உயரக் கட்டடங்கள் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். சம்பந்தியின் சட்டைப் பையில் செல்பேசி ஒருமுறை முனகியது. எடுத்துப் பார்த்தவர் முகம் மாறிற்று. "மலேசியாவுக்கு நல்வரவு" என்று ஆங்கிலத்தில் செய்தி. சிக்னல் கடலைத் தாண்டி வந்து எங்களைப் பிடித்திருந்தது. பாஸ்போர்ட் வீட்டில், அலமாரியில், இரண்டு பாட்டிகளின் பொறுப்பில் இருந்தது. ரோமிங்குக்கு நிமிஷத்துக்கு எத்தனை வெள்ளி போகும் என்று தெரியாத நிலையில், சம்பந்தி போனை அணைத்தார். அணைத்தது போதாது என்று தோன்றியதோ என்னவோ, கைக்குட்டையில் சுற்றி உள்பையில் வைத்தார். அதற்குப் பிறகு அந்தக் காலைப்பொழுது முழுக்க அவருடைய போன் ஒலிக்கவில்லை என்பதைச் சுங்கை பூலோவின் பறவைகள் சார்பில் நன்றியுடன் பதிவு செய்கிறேன். அவர் அழைப்பொலி நாதஸ்வரமும் தவிலும்.

கொஞ்ச தூரம் போனதும் ஒரு மரத்தடியில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கோயில் எதுவும் கண்ணில் படவில்லை. "தில்லை, சம்பந்தி. இது தில்லை மரம்" என்றார். சிதம்பரத்துத் தலவிருட்சம். ஊருக்கே பேர் கொடுத்த மரத்தைச் சிதம்பரம் ஊருக்குள் இன்று காணோம். பிச்சாவரம் போனால்தான் பார்க்க முடியும். இங்கே, நடராஜர் சந்நிதியிலிருந்து இத்தனை தூரம் தள்ளி, அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. உதிரப்போகும் இலை சில சிவந்திருந்தன. நானும் கும்பிட்டுவிட்டு இலையைத் தொடப் போனேன். "தொடாதீங்க! பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும்" என்று அவர் போட்ட சத்தத்தில், எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு சீனத் தம்பதி இரண்டு கைகளையும் பைக்குள் விட்டுக்கொண்டார்கள். தமிழ் புரிந்திருக்க வாய்ப்பில்லை. அந்தக் குரலுக்கு மொழி தேவையில்லை.

முறுக்கு விஷயத்துக்கு வருகிறேன். பிளாஸ்டிக் பை கசங்கும் சத்தம் என்றால் சாப்பாடு என்று அந்த ஊர்க் குரங்குகளுக்குத் தெரியும். நீண்ட வால் கொண்ட சாதி. பாதையின் கைப்பிடியில் ஒன்று வந்து உட்கார்ந்து, எங்களை விட்டுவிட்டுப் பையைப் பார்த்தது. விலங்குகளுக்கு உணவு கொடுத்தால் அங்கே முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். மறுபடி மாட்டினால் 10,000 வரை. நான் உடனே ரூபாயில் பெருக்கினேன். மூன்று லட்சத்துக்கு மேலே வந்தது. சிங்கப்பூரில் இருந்த நாளெல்லாம் காபி முதல் கத்தரிக்காய் வரை இப்படிப் பெருக்கிப் பெருக்கி எதையும் வாங்காமலே வந்தவன் நான். அந்தப் பயிற்சி இப்போது கைகொடுத்தது.

"நாம குடுத்தாத்தானே அபராதம்? அதுவா பிடுங்கிக்கிட்டா?" என்று கேட்டார் சம்பந்தி.

"அப்ப அது திருட்டு. குரங்கு மேலதான் கேஸ்."

"சாட்சி வேணுமே. நீங்க சொந்தக்காரர், செல்லாது."

குரங்கு ஓரடி நெருங்கி வந்தது. சம்பந்தி பையைச் சட்டைக்குள் விட்டுப் பொத்தானைப் போட்டு, எங்கோ பார்க்கிறவராக நடந்தார். அடிக்கொரு தடவை வயிற்றுப் பக்கம் நொறுநொறுவென்று சத்தம். குரங்கு இன்னும் கொஞ்ச தூரம் கூட வந்து, வயிறு சத்தம் போடும் மனிதரிடம் ஏதோ கோளாறு என்று முடிவு செய்து திரும்பிவிட்டது. முறுக்கைப் பிறகு எடுத்துப் பார்த்தபோது மாவாக இருந்தது.

உடும்பு ஒன்று வழிமறித்ததையும் சொல்ல வேண்டும். என்னை விட நீளம். நாக்கை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டு பாதையின் நடுவே வந்தது. ஓரமாக ஒதுங்கலாம் என்றால் ஓரத்தில் இறங்கக் கூடாது என்று முதலைப் பலகை சொல்லியிருக்கிறது. ஊர்வன இரண்டின் நடுவே சட்டம் எங்களை நிறுத்திவைத்தது. அது எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் பாதையைக் கடந்து புல்லுக்குள் இறங்கிப் போயிற்று. அதுவரை என் முழங்கையைப் பிடித்திருந்த சம்பந்தி கையை எடுத்து, "நீங்க பயந்துடக் கூடாதேன்னு பிடிச்சேன்" என்றார். உடும்புப் பிடி என்று நம் பெரியவர்கள் சொன்னது உடும்பைப் பார்த்தவர்கள் பிடிக்கும் பிடியாக இருக்கலாம். முழங்கையில் அடையாளம் சாயங்காலம் வரை இருந்தது.

பாதையில் 18 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம் இருக்கிறது. மேலே ஏறினால் காப்பகம் முழுக்கத் தெரியுமாம். அடியில் நின்று அண்ணாந்து பார்த்தோம். எனக்கு முழங்கால் வலி. அவருக்கும் உண்டு என்பது சம்பந்தியம்மா சொல்லி எனக்குத் தெரியும். ஆனால் முதலில் சொல்பவர் தோற்றவர். "கீழே இருந்தே நல்லாத்தான் தெரியுது" என்றார் அவர். அதை நான் மனமார ஆமோதித்தேன். எங்களுக்குள் முழு உடன்பாடு ஏற்பட்ட முதல் விஷயம் அது.

இனிப் பறவைகள். குளங்களின் கரையில் மரத்தால் மறைவிடங்கள் கட்டியிருக்கிறார்கள். மனிதர்கள் உள்ளே ஒளிந்துகொண்டு கிடைமட்டமான இடுக்கு வழியாகப் பார்க்க வேண்டும். பறவைகள் வெட்டவெளியில் சுதந்திரமாக உட்கார்ந்திருக்கும். யார் யாருக்குக் காட்சி என்பதில் எனக்குக் கடைசி வரை தெளிவு ஏற்படவில்லை. உள்ளே நாலைந்து பேர், உடம்பெல்லாம் இலை அச்சிட்ட சட்டை, சிறு பீரங்கி அளவுக்கு கேமரா. யாரும் பேசவில்லை. பெருமாள் கோயில் கருவறையில்கூட அவ்வளவு நிசப்தம் நான் பார்த்ததில்லை.

இடுக்கு வழியாகப் பார்த்தால், முழங்கால் ஆழம்கூட இல்லாத தண்ணீர். நடுநடுவே சேற்றுத் திட்டுகள். அவற்றின் மேல் நூற்றுக்கணக்கில் பறவைகள். எல்லாம் சேற்று நிறம். முதலில் சேறுதான் அசைகிறது என்று நினைத்தேன். கண் பழகப் பழகச் சிவந்த காலுள்ள பவளக்காலி, பச்சைக்காலி, உப்புக்கொத்திகள் என்று பிரிந்து வந்தன. வளைந்த நீள அலகோடு விம்ப்ரெல் என்ற ஒன்று. வடக்கே சைபீரியாவிலும் ஆர்க்டிக் ஓரத்திலும் குஞ்சு பொரித்து, குளிர் வந்ததும் ஆஸ்திரேலியா வரை இறங்கும் பெரிய வான்பாதையில் இது ஒரு சத்திரம். செப்டம்பர் வாக்கில் வர ஆரம்பித்து மார்ச்சில் கிளம்பும். சில இங்கேயே பருவம் முழுக்கத் தங்கிவிடும். பயணத்துக்கு முன்னால் நன்றாகத் தின்று கொழுப்பேற்றிக்கொண்டுதான் புறப்படும். பேரன் பேத்தி பார்க்க வெளிநாடு வந்து, மகள் வீட்டில் தங்கி, எடை கூடி ஊர் திரும்புகிற எங்களைப் போன்றவர்களுக்கு உறவுக்காரர்கள் என்றே சொல்ல வேண்டும். விமானச் செலவு மட்டும் அவற்றுக்கு மிச்சம்.

சம்பந்தி பறவையைப் பார்க்கவில்லை. இடுக்கின் ஓரத்தில் முகத்தை வைத்து, கழுத்தைத் திருப்பி, கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சம்பந்தி, அது மதகுதானே?" என்று கேட்டார். அவரைப் பொறுத்தவரை அது ரகசியக் குரல். கேமராக்காரர்கள் ஐவரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள்.

பவளக்காலி என்பது சதுப்பு நிலத்துக் காவல்காரன். சந்தேகத்துக்கிடமான சத்தம் கேட்டால் முதலில் அலறிக்கொண்டு எழும்பி, தூங்குகிற மற்றப் பறவைகளையும் கிளப்பிவிடும் என்று பறவை நூல்கள் சொல்லும். நான் பவளக்காலியைப் பார்த்தேன். அது நின்றுகொண்டிருந்த காலை மாற்றி மறு காலில் நின்றது. அவ்வளவுதான். கீழணைக் குரல் அதன் சந்தேகப் பட்டியலில் இல்லை.

அங்கே ஒரு தன்னார்வலப் பெண் இருந்தாள். சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண். கல்லூரியில் படிப்பவளாக இருக்கலாம். கேமராக்காரர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு எங்களை வெளியே கரைக்கு அழைத்து வந்தாள். "ஆமா அங்கிள், ஸ்லூஸ் கேட். இறால் பண்ணை காலத்துலேர்ந்து இருக்கிற முறை. கடல் ஏறும்போது திறந்து விடுவாங்க. தண்ணியோட இறால் குஞ்சும் உள்ளே வரும்..."

"மூடிடுவான். உள்ளேயே வளரும். வத்தம் வரும்போது வலையைக் கட்டித் திறந்தா தண்ணி போயிடும், இறால் நின்னுடும்" என்று முடித்தார் சம்பந்தி.

"படிச்சிருக்கீங்களா அங்கிள்?"

"படிக்கிறதுக்கு என்னம்மா இருக்கு. தண்ணி எங்கேயும் பள்ளத்துக்குத்தான் போகும்."

பிறகு அவள் சொன்னதுதான் முக்கியம். கடல் வற்றியிருக்கும்போது இந்தப் பறவைகளெல்லாம் வெளியே நீரிணையின் சேற்றுப் பரப்பில் புழு, நண்டு தின்றுகொண்டிருக்கும். ஏற்றம் வந்தால் அந்தச் சேறு முழுகிவிடும். இந்தக் கூட்டத்துக்கு நிற்க இடமிருக்காது. அப்போது அவை உள்ளே இந்தக் குளங்களுக்கு வரும். குளத்தில் சேறு தெரிய வேண்டுமானால் வெளியே கடல் ஏறுகிற நேரத்தில் உள்ளே தண்ணீர் ஏறக் கூடாது. அதற்காகப் பணியாளர்கள் மதகைப் பார்த்து இயக்குகிறார்கள். அதனால்தான் பறவை பார்க்க வருகிறவர்கள் கடிகாரத்தை விட்டுவிட்டு ஓத அட்டவணையைப் பார்த்து வருகிறார்கள்; கடல் நிறைந்த நேரமே நல்ல நேரம்.

சம்பந்தி அசையாமல் நின்றார். "அப்படின்னா, ஒருத்தர் வந்து ஷட்டரை இறக்கினாத்தான் சைபீரியாவுலேர்ந்து வந்தது உட்காரும்?"

"ஏறக்குறைய அப்படித்தான் அங்கிள்."

"அந்த ஆளு யாரு? இங்கேயும் லஸ்கர்னுதான் சொல்வாங்களா? ராத்திரி ஏத்தம் வந்தா யார் பாக்குறது? தினம் ஒரே நேரத்துல வராதே, முக்கால் மணி, ஒரு மணி தள்ளித் தள்ளி வருமே?"

அந்தப் பெண்ணிடம் பறவைகளைப் பற்றி எந்தக் கேள்விக்கும் பதில் இருந்திருக்கும். இந்தக் கேள்விகளை அவளிடம் யாரும் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சம்பந்தி பிறகு கேட்பதை நிறுத்திவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். வீராணத்து மதகுகள், குமிழி, கலிங்கு, முறை வைத்துத் தண்ணீர் விடுவது, ராத்திரியில் கடைமடைக்காரன் வந்து ரகசியமாக ஷட்டரைத் தூக்குவது, அதைப் பிடிக்க இவர் சைக்கிளில் விளக்கில்லாமல் போனது. வேடந்தாங்கலுக்கும் வந்தார். "அதுவும் பாசன ஏரிதாம்மா. பறவை எச்சம் கலந்த தண்ணி வயலுக்கு உரம். அதனாலதான் வெள்ளைக்காரக் கலெக்டர் பிளேஸ் காலத்துலயே ஊர்க்காரன் பறவையைச் சுடக் கூடாதுன்னு உத்தரவு வாங்கி வெச்சான். எல்லாரும் பறவையைப் பாத்துட்டுப் போயிடுறான். மதகை எவனும் பாக்குறதில்ல."

இந்த இடத்தில் எனக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. இயற்கை ரசிகர்களிடம் மதகைப் பற்றிச் சொன்னால் லேசாக முகம் சுளிப்பார்கள். காடு தானாக இருக்க வேண்டும், பறவை தானாக வர வேண்டும், மனிதன் கை எங்கும் படாமல் இருந்தால்தான் படம் அழகு. சம்பந்திக்கு நேர் எதிர். அதுவரை அவருக்கு அது சும்மா சேறு. கதவு ஒன்று இருக்கிறது, அதை வேளாவேளைக்குத் தூக்கி இறக்க ஓர் ஆள் இருக்கிறான் என்று தெரிந்த பிறகுதான் அங்கிருந்த ஒவ்வொரு பறவையையும் அவர் மரியாதையோடு பார்த்தார். அந்த ஆளின் பொறுப்பில் இருக்கும் ஆயக்கட்டு அல்லவா?

அவர் மதகுக்கு மேலே குனிந்து கல்வேலையைத் தட்டிப் பார்க்கத் தொடங்கியதும், நான் மெல்ல ஆற்றுப் பாலத்துக்கு நடந்தேன். வழியில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று கரையேறி, மீனைத் தலையிலிருந்து கடித்துத் தின்றுகொண்டிருந்தது. எலும்பு நொறுங்குவது பத்தடி தள்ளி நின்ற எனக்குக் கேட்டது. விசாரித்ததில், நம் காவிரியில் இருக்கிற அதே இனம் என்று தெரிந்தது. திருச்சியில் பிறந்து, காவிரியில் குளித்து வளர்ந்து, பாலத்தின் மேல் தினமும் பேருந்தில் வங்கிக்குப் போய் வந்த நான், அந்த ஆற்றில் ஒரு நீர்நாயைக்கூடப் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் நாய் என்று நினைத்திருப்பேன்.

பாலத்தின் மேல் சிறு கூட்டம். எல்லாக் கேமராவும் தண்ணீரில் ஒரே இடத்தைப் பார்த்தபடி. அங்கே ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தேன். அந்த ஒன்றுமில்லாததற்கு இரண்டு கண்கள் இருந்தன. கொஞ்சம் தள்ளி மூக்கு. கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே இருந்த தூரத்தை வைத்து மீதி உடம்பைக் கணக்குப் போட்டேன். பெருக்கல் வேண்டாம் என்று தோன்றியது. இங்கே வாலில்லாத முதலை ஒன்று பிரபலம். படம் பிடிப்பவர்கள் அதற்காகவே காத்திருப்பார்களாம். தண்ணீருக்கு மேல் தலை மட்டும் தெரியும்போது வாலுள்ளது எது, இல்லாதது எது என்று எப்படிச் சொல்வது? இருக்கிறதா என்று கேட்கும் நிலையிலும் நான் இல்லை.

"சம்பந்தி!" என்று கூப்பிட்டேன். "முதலை! வாங்க!"

என் குரல் பாலத்தின் கைப்பிடி வரை போயிற்று. பக்கத்தில் நின்ற கேமராக்காரர் "அங்கிள், பிளீஸ்" என்று உதட்டில் விரல் வைத்தார். தூரத்தில் சம்பந்தி கரையில் மண்டியிட்டு மதகுக் கதவின் அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார். நான் இரண்டு கைகளையும் தாடையாக்கித் திறந்து மூடிக் காட்டினேன். மதகு திறந்து மூடுவதைச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று தலையசைத்தார்.

அவர் நிதானமாக நடந்து பாலத்துக்கு வந்தபோது தண்ணீர் வெறும் தண்ணீராக இருந்தது.

"இப்பதான் முங்கிச்சு" என்றேன்.

"கட்டையா இருக்கும்."

"கண் இருந்துச்சு சம்பந்தி."

"கட்டையில கணு இருக்கும்."

எத்தனையோ வாடிக்கையாளர்களின் கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து அனுப்பிய கண் இது என்று சொல்ல வாயெடுத்தேன். உறவைக் கருதி விட்டுவிட்டேன்.

திரும்பும் பேருந்தில் சம்பந்தி சட்டைப் பையிலிருந்து சின்ன டைரியை எடுத்தார். ஓய்வு பெற்ற பிறகும் வைத்திருக்கிறார். எந்த ஊருக்குப் போனாலும் நீர்நிலையைப் பார்த்தால் ஒரு குறிப்பு. முறுக்குத் தூளைத் தட்டிவிட்டு எழுதினார். எழுதி முடித்துப் படிக்கக் கொடுத்தார்:

"சுங்கை பூலோ, சிங்கப்பூர். மதகு நேரில் பார்வையிடப்பட்டது. ஷட்டர் இயக்கம்: திருப்தி. கசிவு: இல்லை. கரை: நல்ல நிலை. புல் வெட்டப்பட்டுள்ளது. பறவைகள்: உள்ளன. முதலை: சம்பந்தி பார்த்ததாகத் தெரிவிக்கிறார். நேரில் சரிபார்க்கப்படவில்லை."

அடியில் கோடு போட்டு, "உடன் இருந்தவர்" என்று எழுதி, கையெழுத்துக்காகப் பேனாவை என்னிடம் நீட்டினார். கடைசி இரண்டு வரியை மட்டும் கொஞ்சம் மாற்றலாமே என்றேன்.

"பதிவான குறிப்பைத் திருத்தக் கூடாது சம்பந்தி" என்றார். "வேணும்னா நீங்க தனியா ஒரு மனு குடுங்க."